கழற்றி மாட்டும் சைக்கிள் பை: வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் கிடக்கும் முதுகுப்பையோடுதான் கிளம்புகிறார்கள். கொஞ்ச நாளில் அது கசந்துவிடும். முதுகு வேர்த்துச் சட்டை ஒட்டிக்கொள்ளும், மடிக்கணினியின் கனம் தோளை இழுக்கும். சுமையை உடம்பிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லைகள் தீர்ந்துவிடும். அதற்கென்று விதவிதமாகப் பைகள் விற்கிறார்கள். ஆனால் அவற்றில் பல நெடுந்தூரப் பயணிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பயணி காலையில் மாட்டினால் இரவில்தான் கழற்றுவார். நீங்கள் வீட்டில் மாட்டி, அலுவலகத்தில் கழற்றி, திரும்பும் வழியில் கடையில் ஒருமுறை கழற்றி, மறுபடி வீட்டில் கழற்றப் போகிறீர்கள். வண்டி வெளியே நிற்கும். பை உள்ளே வந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவரின் பை வண்டியில் தொங்கும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் அது உங்கள் கையிலோ, தோளிலோ, மேசைக்கு அடியிலோதான் இருக்கும். அதனால் எத்தனை லிட்டர் கொள்ளும், எத்தனை அறை இருக்கிறது என்பதற்கெல்லாம் முன்னால், வண்டியை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பை எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். கீழே சொல்லப்போவதில் பாதி அதைப் பற்றியதுதான்.

1. சுமையை எடைபோடுங்கள்

ஒரு சாதாரண வேலை நாளில் கொண்டுபோகும் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். மாற்றுச் சட்டை, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, சார்ஜர், பூட்டு என்று எதையும் விடாதீர்கள். ஒரு பையில் போட்டுக் கையில் பிடித்தபடி எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கிலோவுக்குள் வந்தால் ஹேண்டில்பாரில் மாட்டும் சிறு பையே போதும். எட்டு கிலோ வரைக்கும் பின்கேரியரின் ஒரு பக்கத்தில் தொங்கும் ஒற்றைப் பை சரிவரும். அதற்கு மேல் போனால் இரண்டு பக்கமும் பிரித்துத் தொங்கவிடுவது நல்லது. இவை தோராயமான அளவுகள்தான்.

மடிக்கணினி கொண்டுபோகிறவர்கள் அதன் நீள அகலத்தை அளவுநாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம். கணினியின் உண்மையான நீளம் 36 சென்டிமீட்டரை ஒட்டி வரும். கடைக்காரர் "போகும்" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

பூட்டு தினமும் ஒரே இடத்தில்தான் பயன்படுகிறது என்றால் அதை வண்டியிலேயே மாட்டி வைத்துவிடலாம். கனமான பூட்டு ஒன்றரை கிலோ இருக்கும். அதை மாடிப்படி ஏற்றி இறக்க வேண்டிய அவசியமில்லை.

2. வண்டியைக் குனிந்து பாருங்கள்

பையைத் தேடுவதற்கு முன்னால் கேரியரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கேரியர்களில் எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருக்கும்; 25 கிலோ என்ற எண்ணை அடிக்கடி பார்க்கலாம். வேலைச் சுமைக்கு அது தாராளம். கவனிக்க வேண்டியவை வேறு.

முதலாவது, குழாயின் பருமன். பையின் கொக்கி மாட்டும் மேல்குழாய் பல நல்ல கேரியர்களில் 10 மில்லிமீட்டர் இருக்கும். பழைய பாணிக் கேரியர்களிலும் சில மின்சைக்கிள்களிலும் அது இன்னும் தடிமனாக இருக்கும். கேரியருக்குள்ளேயே பேட்டரி உட்கார்ந்திருக்கும் மின்சைக்கிளில் கொக்கி நுழைய இடைவெளியே இல்லாமல்கூடப் போகலாம். ஒரு நூலைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும்.

இரண்டாவது, பக்கச் சட்டம். கேரியரின் தட்டிலிருந்து சக்கர அச்சுக்கு ஒரே ஒரு கம்பி மட்டும் இறங்கினால், பையின் அடிப்பகுதி பள்ளத்தில் குலுங்கும்போது உள்பக்கம் சாய்ந்து சக்கரக் கம்பிகளில் உரசும். பை சாய்ந்து நிற்க அகலமான சட்டமோ, குறைந்தது இரண்டு கம்பிகளோ வேண்டும்.

மூன்றாவது, குதிகால். புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பின்சக்கரம் உள்ளே தள்ளி அமைந்த வண்டியில், பெடல் பின்னால் வரும்போது குதிகால் பையை இடிக்கும். வாங்கிய பிறகு தெரிந்தால் பிரயோசனமில்லை. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பையின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, கேரியரின் பக்கத்தில் நாடா போட்டு ஒட்டுங்கள். வழக்கமாகப் போடும் காலணியோடு சீட்டில் உட்கார்ந்து, யாரையாவது வண்டியைப் பிடிக்கச் சொல்லிப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். இடித்தால் அட்டையைப் பின்னால் நகர்த்தியோ, அடிப்பகுதி பின்பக்கம் போகும்படி சாய்த்தோ பாருங்கள். முன் கீழ்மூலை சரிவாக வெட்டப்பட்ட பைகள் இந்தச் சிக்கலுக்காகவே வந்தவை.

கேரியரே இல்லாத வண்டி என்றால் பின்சக்கர அச்சுக்கு அருகிலும் சீட்டுக்குக் கீழேயும் திருகு போடும் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கேரியர் பொருத்திக்கொள்ளலாம். சீட்டைத் தாங்கும் தண்டில் இறுக்கும் கேரியர்களும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பத்துக் கிலோவுக்கு மேல் தாங்காது. பக்கத்தில் பை தொங்கவிடவும் ஏற்றவையல்ல. அந்தத் தண்டு கார்பனால் ஆனது என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

3. எந்த இடத்தில் மாட்டுவது?

பெரும்பாலானோருக்கு விடை பின்கேரியரின் பக்கம்தான். கனம் தாழ்வாக இருப்பதால் வண்டி ஆடாது, பையும் பெரிதாக இருக்கலாம். 20 லிட்டர் பை ஒன்று ஒருவரின் அலுவலகச் சாமானுக்குப் போதும். ஒரே பைதான் என்றால் செயின் இல்லாத பக்கம் மாட்டுங்கள். பெரும்பாலானோர் வண்டியை அந்தப் பக்கம் நின்றுதான் தள்ளுகிறார்கள். கைக்கும் எட்டும், செயின் எண்ணெயும் ஒட்டாது. ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தால் ஓட்டும்போது இழுக்காதா என்று பலர் கேட்பார்கள். ஓட ஆரம்பித்த பிறகு ஐந்தாறு கிலோ அவ்வளவாகத் தெரியாது. நிறுத்தி வைக்கும்போதுதான் தெரியும்: பக்க ஸ்டாண்டில் நிற்கும் வண்டி கனத்தால் கவிழலாம்.

கேரியரின் மேல்தட்டில் உட்காரும் பைகள் சிறியவை, கச்சிதமானவை. டோப்பீக் நிறுவனத்தின் எம்டிஎக்ஸ் அமைப்பில் பையைத் தட்டின் பள்ளத்தில் பின்னாலிருந்து தள்ளினால் போய்ப் பூட்டிக்கொள்ளும். எம்ஐகே, ராக்டைம் நிறுவனத்தின் ஸ்னாப்இட் ஆகியவையும் இதே குடும்பம்தான்: தட்டில் ஒரு பொருத்தி, பையின் அடியில் அதற்கு இணையான இன்னொன்று. கழற்றுவது மிக எளிது. ஆனால் அந்தந்த அமைப்புக்கு ஏற்ற தட்டு இருந்தால்தான் அந்தப் பை மாட்டும். உயரமாக நிற்பதால் காலைப் பின்னால் தூக்கி ஏறுகிறவர்களுக்கு இடைஞ்சல், சீட்டுக்குக் கீழே இருக்கும் விளக்கையும் மறைக்கலாம்.

முன்பக்கம் மாட்டுவதென்றால் ரிக்சன் & கவுல் நிறுவனத்தின் கிளிக்ஃபிக்ஸ் பொருத்தி நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஹேண்டில்பாரில் ஒரு துண்டை நிரந்தரமாக இறுக்கிவிட்டால், சிவப்புப் பொத்தானை அழுத்திப் பையைத் தூக்கிவிடலாம். வழக்கமான பொருத்திக்கு 7 கிலோதான் எல்லை. அதற்கு முன்பே கனம் கையில் தெரிய ஆரம்பிக்கும், ஏனென்றால் பை ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிறது. பிராம்ப்டன் மடக்கு சைக்கிளில் இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு கண்டிருக்கிறார்கள். அதன் முன்பொருத்தி ஹேண்டிலில் இல்லாமல் வண்டியின் சட்டத்திலேயே இருக்கிறது. ஹேண்டில் திரும்பினாலும் பை நேராகவே நிற்கும், 10 கிலோ வரை வைக்கலாம். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் வேறு பையைத் தேட வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம்.

4. கொக்கிதான் உயிர்

பையின் துணி, நிறம், அறைகள் எல்லாம் அப்புறம். முதலில் பையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

மலிவான பைகளில் மேலே இரண்டு திறந்த கொக்கிகள் இருக்கும். கீழே ஒரு ரப்பர் கயிறும் அதன் நுனியில் உலோக வளைவும் இருக்கும். கயிற்றை இழுத்துச் சக்கர அச்சருகே மாட்ட வேண்டும். தினமும் பலமுறை குனிந்து அழுக்குக் கையோடு இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. சீக்கிரமே கீழ்க்கயிற்றை மாட்டாமல் ஓட்ட ஆரம்பிப்பீர்கள். தொங்கும் அந்த வளைவு சக்கரக் கம்பியில் சிக்கினால் வண்டி அப்படியே நின்றுவிடும். வேலைக்குப் போகிறவர் இந்த வகையை விட்டுவிடலாம்.

நல்ல கொக்கியில் பூட்டும் நாக்கு தானாக மூடிக்கொள்ளும். கழற்ற, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினால் போதும். கைப்பிடி இழுபடும்போதே நாக்கு திறந்துகொள்ளும். பையைத் தூக்குவதும் பூட்டைத் திறப்பதும் ஒரே அசைவு. ஓர்ட்லீப் நிறுவனத்தின் க்யூஎல்2.1 இப்படிப்பட்டது. 16 மில்லிமீட்டர் வரையிலான குழாயில் அது மாட்டும். மெல்லிய குழாய்களுக்குக் கொக்கிக்குள் செருகச் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் தருகிறார்கள். கனடாவின் ஆர்க்கெல், ஜெர்மனியின் வௌடே போன்றவர்களும் தங்களுக்கென்று தனிக் கொக்கி முறைகள் வைத்திருக்கிறார்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும் நான்கு விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள்.

ஒற்றைக் கையால் கழற்ற முடிகிறதா? ஒரு கை எப்போதும் வண்டியைப் பிடித்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மாட்டிய பையைப் பக்கவாட்டில் பலமாக ஆட்டினால் கழன்று வருகிறதா? எளிதில் கழல வேண்டும், ஆனால் நீங்கள் சொல்லும்போது மட்டும்தான். கொக்கிகளைப் பையின் முதுகில் முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்க முடிகிறதா? முடிந்தால் குதிகால் சிக்கலையும் தீர்த்துக்கொள்ளலாம், கேரியரின் குறுக்குக் கம்பியில் கொக்கியை முட்டவைத்துப் பை முன்பின் நழுவாமலும் பார்த்துக்கொள்ளலாம். கடைசியாகக் கீழ்க்கொக்கி. அது கம்பியைக் கவ்வ வேண்டியதில்லை. கேரியரின் பக்கக் கம்பிக்குப் பின்னால் போய் மறைந்து நின்றாலே பை வெளிப்பக்கம் விசிறாது. ஒருமுறை கோணத்தைச் சரிசெய்து திருகிவிட்டால் மாட்டும்போது தானாகவே இடத்தில் போய் உட்காரும்.

குழாயைவிடக் கொக்கி பெரிதாக இருந்தால் வழி நெடுக "கட கட" என்று சத்தம் வரும். அதோடு கேரியரின் வண்ணமும் உரசி உரசித் தேயும், பிறகு துருப்பிடிக்கும். கூடவே வரும் துண்டுகளைச் செருகுங்கள். அது இல்லையென்றால் பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டிக் குழாயில் சுற்றுங்கள்.

5. கழற்றிய பிறகு

பக்கப்பைகளுக்குப் பொதுவான ஒரு குறை உண்டு. கொக்கிகள் இருக்கும் பக்கம்தான் சக்கரத்தைப் பார்த்தபடி இருக்கிறது. சேறு, தூசி எல்லாம் அங்கேதான் அடிக்கிறது. பையைக் கழற்றித் தோளில் போட்டால் அந்த அழுக்குப் பக்கமோ இடுப்பில் ஒட்டுகிறது, கொக்கியும் குத்துகிறது. விளம்பரப் படத்தில் இது தெரியாது. மின்தூக்கியில் ஏறி, தாழ்வாரத்தில் நடந்து, வெள்ளைச் சட்டையில் ஒரு கறுப்புக் கோடு விழும்போதுதான் தெரியும்.

இதற்குப் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். சில பைகளில் கொக்கிகளை மூட ஒரு துணி மடல் இருக்கும். நல்ல ஏற்பாடு, ஆனால் மறக்காமல் மூட வேண்டும். ஓர்ட்லீப்பின் க்யூஎல்3.1 முறையில் வெளியே துருத்தும் பாகங்கள் எல்லாம் கேரியரிலேயே தங்கிவிடும். பையின் முதுகு ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். நிறைய நடக்க வேண்டியவர்களுக்கு அது நல்ல தேர்வு. ஒரே குறை, அந்தப் பாகங்கள் பொருத்தப்படாத வேறு வண்டியில் அந்தப் பையை மாட்ட முடியாது. மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை: கொக்கிப் பக்கம் வெளியே பார்க்கும்படி தோளில் போட்டுக்கொள்வது. அதற்குத் தோள்வாரின் வளையங்கள் பையின் இரு ஓரங்களிலும் நடுவாக இருக்க வேண்டும். ஒரே முகத்தில் இருந்தால் பை திரும்பிக்கொள்ளும்.

முதுகுப்பையாகவும் மாறும் பக்கப்பைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நிறுத்துமிடத்திலிருந்து அலுவலகம் பத்து நிமிட நடை என்றால் சரி, அது உதவும். இரண்டு நிமிட நடைக்காக வார்கள், பஞ்சு மெத்தை, மூடும் மடல், ஜிப் என்று அரைக் கிலோவைக் கூடுதலாகச் சுமப்பானேன்? மாற்றி அமைக்க வேண்டிய பையைப் பலர் சில நாளில் மாற்றுவதையே விட்டுவிட்டுக் கைப்பிடியில் தூக்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல அகலமான கைப்பிடியும் ஒரு தோள்வாரும் பெரும்பாலானோருக்குப் போதும்.

பை தானாக நிற்குமா என்றும் பாருங்கள். அடி குறுகிய பைகள் மேசைக்கு அருகில் வைத்ததும் சாய்ந்து விழும். பிறகு அதற்கென்று ஒரு சுவரைத் தேட வேண்டியிருக்கும். அடிப்பாகம் தட்டையாக, சிறு ரப்பர் பாதங்களோடு இருந்தால் தரையின் ஈரமும் ஏறாது. மேலே சொன்ன சரிவான முன்மூலை குதிகாலுக்கு நல்லது, நிற்பதற்குக் கெட்டது. இரண்டில் எது உங்களுக்கு முக்கியம் என்பதை அட்டைச் சோதனை சொல்லிவிடும்.

6. மழையும் துணியும்

1982-ல் ஜெர்மனியில் ஹார்ட்முட் ஓர்ட்லீப் லாரிகளை மூடும் தார்ப்பாய்த் துணியில் சைக்கிள் பை செய்ய ஆரம்பித்தார். பிளாஸ்டிக் பூச்சுள்ள பாலியஸ்டர், தையலுக்குப் பதில் சூட்டில் ஒட்டிய மூட்டுகள், வாயை மூன்று நான்கு சுற்றுச் சுருட்டி மூடுவது என்ற அமைப்பு இன்று பல நிறுவனங்களிடமும் இருக்கிறது. தினமும் மடிக்கணினி கொண்டுபோகிறவருக்கு இதுவே கவலையற்ற வழி. 1932-லிருந்து இங்கிலாந்தில் பை தைக்கும் காரடைஸ் நிறுவனத்தார் மெழுகேற்றிய பருத்திக் கித்தானையே இன்னும் பயன்படுத்துகிறார்கள். ஈரம் பட்டதும் நூல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அழகானது, பழுதுபார்க்கவும் எளிது, ஆனால் கனம்.

ஐபி64 என்று போட்டிருந்தால் எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். தண்ணீரில் மூழ்கினால் தாங்காது. சாலை மழைக்கு அது போதும். மழையுறை போட்டுக்கொள்ளும் சாதாரணத் துணிப்பையும் மோசமில்லை. ஆனால் பையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் சொட்டும் உறையை என்ன செய்வது என்ற கேள்வி வரும்.

சுருட்டி மூடும் பையின் உள்ளே ஒரே ஆழமான குழி. கறுப்பு நிறத்தில் இருந்தால் சாவி விழுந்தால் போச்சு. வெளிர் நிற உட்புறமும், சாவி மாட்ட ஒரு வளையமும், வெளியே ஒரு சிறு ஜிப் அறையும் உள்ளதாகப் பாருங்கள். தண்ணீர் உள்ளே போகாத பையிலிருந்து ஈரம் வெளியேயும் போகாது. நனைந்த மழைக்கோட்டை அதில் போட்டு மூடினால் மாலையில் சட்டையும் சேர்ந்து நாறும்.

மடிக்கணினிக்கான உறை பையின் அடியைத் தொடாமல் சில சென்டிமீட்டர் மேலே தொங்க வேண்டும். பையைத் தரையில் "தொப்" என்று வைக்கும் கணத்தில்தான் கணினி அடிபடுகிறது. தொங்கும் உறை இல்லையென்றால் அடியில் தடித்த பஞ்சுத் துண்டு ஒன்றைப் போடுங்கள்.

7. கடையில் செய்ய வேண்டியது

உங்கள் வண்டியையும் உங்கள் சுமையையும் கொண்டுபோங்கள். காலிப் பையை மாட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. சுமையை நிரப்பி மாட்டுங்கள், பின்சக்கரத்தை ஒரு சாண் தூக்கிக் கீழே விடுங்கள். கொக்கி துள்ளினாலோ சத்தம் வந்தாலோ காரணம் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் கழற்றி மாட்டிப் பாருங்கள். இருட்டிலும் மழையிலும் அப்படித்தான் செய்யப் போகிறீர்கள். கையுறை போடுகிறவர்கள் அதோடு செய்து பாருங்கள். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மாடி ஏறி இறங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இணையத்தில் வாங்குவதானால் கொக்கிக்கும் குழாய்க்கும் உள்ள அளவுப் பொருத்தத்தையும், திருப்பித் தரும் வசதியையும் முதலில் உறுதிசெய்யுங்கள். கொக்கி மட்டும் உதிரியாகக் கிடைக்குமா என்றும் தேடிப் பாருங்கள். பையின் துணி பல வருஷம் வரும். உடைவது பெரும்பாலும் பிளாஸ்டிக் நாக்குதான்.

8. மாட்டி ஓட்ட ஆரம்பித்ததும்

மாட்டியதும் "கிளிக்" சத்தம் இரண்டு கொக்கியிலும் கேட்டதா என்று கவனித்து, ஒருமுறை மேலே இழுத்துப் பாருங்கள். தோள்வாரைக் கழற்றி உள்ளே போடுங்கள், அல்லது மேலே இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்து தொங்கும் எந்த வாரும் சக்கரத்தைத் தேடிப் போகும். பின்விளக்கைப் பை மறைக்கிறதா என்று சில அடி பின்னால் போய் நின்று பாருங்கள்; மறைத்தால் விளக்கைக் கேரியரின் பின்முனைக்கு மாற்றுங்கள்.

உங்களுக்கு எளிதில் கழல்வது மற்றவருக்கும் எளிதில் கழலும். பையை வண்டியோடு பிணைக்கும் மெல்லிய கம்பிப் பூட்டுகள் விற்கிறார்கள். கடைக்குள் ஒரு நிமிடம் போய்வர அது உதவலாம், ஆனால் மடிக்கணினி இருக்கும் பையை அதை நம்பி விட்டுப்போக மாட்டேன். நிறுத்தும்போது முதலில் வண்டியைப் பூட்டுங்கள், பிறகு பையைக் கழற்றுங்கள். முதலிலேயே கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பூட்டோடு மல்லுக்கட்டினால், கவனம் பூட்டில் இருக்கும்போது பை தனியாகக் கிடக்கும்.

முதல் சில வாரங்களில் கொக்கித் திருகுகள் அதிர்வில் தளரும். வாரம் ஒருமுறை திருப்புளியால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை போதும். நாக்கின் இடுக்கில் சேரும் மண்ணை வெறும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். எண்ணெய் போட்டால் இன்னும் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.